கேங்மேனும் காம்ப்டோதெசினும்

2023 ஆகஸ்ட் முதல் வாரம். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பா ஒரு செய்தியை ஃபார்வர்ட் செய்திருந்தார். கேன்சருக்கு மாத்திரை கண்டுபிடித்துவிட்டார்கள், எல்லா வகைக் கட்டியையும் கொல்லுமாம், நல்ல செல்லைத் தொடவே தொடாதாம். கீழே மூன்று கும்பிடு, ஒரு பூங்கொத்து. வழக்கமாக இந்த மாதிரி ஃபார்வர்ட் வந்தால் படிக்காமலே கடந்துவிடுவேன். அன்றைக்கு முடியவில்லை. அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். முதல் சுற்று மருந்துகள் கைவிட்டு, இரண்டாவது வகை மருந்தில் நான்கு தவணை முடிந்திருந்தது. அவரும் அந்தக் குழுவில் இருக்கிறார்.

சாயங்காலம் மேற்குத் தாம்பரம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் போனை என் பக்கம் நீட்டினார். "இது நெசமா? நெசம்னா எனக்கு எப்ப வரும்?"

"பாத்துட்டுச் சொல்றேன்பா" என்றேன். பார்த்தேன். முழுப் பொய் என்று தள்ளவும் முடியவில்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவமனையில் லிண்டா மால்கஸ் என்பவரின் குழு ஒரு மூலக்கூறை உருவாக்கியிருந்தது. பெயர் ஏஓஎச்1996. டி.என்.ஏ. நகலெடுக்கும்போது அதன் மேல் வளையம் போல மாட்டிக்கொண்டு, நகலெடுக்கும் நொதி நழுவாமல் பிடித்துக்கொள்ளும் பி.சி.என்.ஏ. என்ற புரதம்தான் இலக்கு. செல்களிலும் எலிகளிலும் செய்த வேலை அந்த மாதம் ஆய்விதழில் வெளியாகியிருந்தது. மனிதர்களிடம் முதல் கட்டச் சோதனை 2022-ல்தான் தொடங்கியிருந்தது. முதல் கட்டம் என்றால் எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்று பார்ப்பது. நோய் குணமாகிறதா என்ற கேள்விக்கு அதற்கப்புறம்தான் முறை வரும். அந்த மூலக்கூறின் பெயரில் இருப்பவை 1996-ல் பிறந்து, ஒன்பது வயதில் நியூரோபிளாஸ்டோமாவில் இறந்துபோன ஒரு சிறுமியின் பெயரெழுத்துகளும் பிறந்த வருடமும்.

இதைப் படித்துவிட்டு, அப்பாவுக்கு ஏற்கனவே ஏறிக்கொண்டிருந்த மருந்தின் பெயரைத் தேடினேன். இரினோடெகான். பையில் ஒட்டியிருக்கும் லேபிளில் எத்தனையோ முறை பார்த்த பெயர்தான். அதுவும் டி.என்.ஏ. நகலெடுப்பில் வேலை செய்யும் ஒரு புரதத்தைத்தான் குறிவைக்கிறது. அதன் கதை ஏறக்குறைய முடிந்த கதை. ஆகவே 'எப்ப வரும்' என்ற கேள்விக்கு ஒரு பழைய கணக்கு அதில் கிடைக்கும் என்று தோன்றியது. நான் மென்பொருள் ஆள். புது புராஜெக்ட் எவ்வளவு நாள் எடுக்கும் என்று கேட்டால், பழைய புராஜெக்ட் எவ்வளவு நாள் எடுத்தது என்றுதான் முதலில் பார்ப்போம்.

*

முதலில் சிக்கல் என்ன என்று சொல்லிவிடுகிறேன். துணி காயப்போடும் முறுக்குக் கயிற்றில் ஒரு முழம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் இறுக்கிக் கட்டுங்கள். மறுமுனையில் இரண்டு புரிகளையும் பிரித்து ஆளுக்கொரு பக்கமாக இழுங்கள். கொஞ்ச தூரம் பிரியும். அப்புறம் மிச்சமிருக்கும் கயிறு இன்னும் இறுக முறுக்கிக்கொண்டு, சுருண்டு முடிச்சாகி நின்றுவிடும்.

1953-ல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ. ஒரு இரட்டைச் சுருள் என்று சொன்னபோதே இந்தக் கயிற்றுப் பிரச்சினையும் கூடவே வந்தது. நகலெடுக்க இரண்டு புரியையும் பிரிக்க வேண்டும். சுமார் பத்தரை எழுத்துக்கு ஒரு சுற்று. மனித மரபணுத் தொகுதியின் ஒரு பிரதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்து. அப்படியானால் 28 கோடிச் சுற்றுக்கு மேல் பிரிக்க வேண்டும். ஈகோலை பாக்டீரியா வினாடிக்கு ஏறத்தாழ 1000 எழுத்து வேகத்தில் நகலெடுக்கிறது. வினாடிக்கு 95 சுற்று. மிக்ஸி ஓடுகிற மாதிரி ஏதோ ஒன்று சுழல வேண்டும், ஆனால் எதுவும் சிக்கக் கூடாது.

1954-ல் மாக்ஸ் டெல்புரூக் இதை ஒரு கட்டுரையில் நேராக எடுத்துக்கொண்டார். முழு மூலக்கூறும் கிறுகிறுவெனச் சுழல்வதை அவரால் ஏற்க முடியவில்லை. வழியில் இழை அறுந்து அறுந்து ஒட்டிக்கொள்கிறதோ என்று யோசித்தார். அப்படி அறுத்து ஒட்டும் பொருள் எதையும் அப்போது யாரும் கண்டதில்லை.

இந்த இடத்தில் மெட்ராஸ் ஒரு பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வருகிறது. மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனின் துறையில் வளர்ந்தவர் வி. சசிசேகரன். புரத வடிவங்கள் பற்றி ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963-ல் எழுதிய கட்டுரையை இன்றும் உயிர்வேதியியல் மாணவர்கள் ராமச்சந்திரன் வரைபடத்தின் வழியாக அறிவார்கள். அதே சசிசேகரன் பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தபோது, 1976-ல், டி.என்.ஏ. இரட்டைச் சுருளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்றார். கொஞ்ச தூரம் வலப்பக்கமாகவும் கொஞ்ச தூரம் இடப்பக்கமாகவும் முறுக்கினால் இரண்டு இழைகளும் ஒன்றின்மேல் ஒன்று பின்னாமல் பக்கம்பக்கமாகவே கிடக்கலாம். பிரிப்பதும் சுலபம். அதே வருடம் நியூஸிலாந்தில் ஒரு குழுவும் இதே மாதிரியான யோசனையை வெளியிட்டது.

இன்று திரும்பிப் பார்த்து, 'பாவம், தப்பாகச் சொல்லிவிட்டார்' என்று நகர்ந்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லோரும் வழிபட்டுக்கொண்டிருந்த ஒரு படத்தைப் பார்த்து, இது நடைமுறையில் எப்படிப் பிரியும் என்று கேட்பதற்குத் துணிச்சல் வேண்டும். கேள்வி எவ்வளவு கனமானது என்பதற்குச் சாட்சி, 1979-ல் பிரான்சிஸ் கிரிக்கே இறங்கி வந்து பதில் எழுதினார். கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வி: டி.என்.ஏ. உண்மையிலேயே இரட்டைச் சுருள்தானா? கூட எழுதிய இருவரில் ஒருவர் ஜேம்ஸ் வாங்.

வாங் ஏன் என்றால், டெல்புரூக் ஊகித்த அந்தப் பொருளைக் கண்டுபிடித்தவரே அவர்தான். 1971-ல் பெர்க்லியில் ஈகோலையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். முறுக்கேறிய டி.என்.ஏ.வை அதனுடன் கலந்தால் முறுக்குத் தளர்ந்தது. மறு வருடம் ஜேம்ஸ் ஷாம்பூவும் ரெனாடோ டுல்பெக்கோவும் எலிச் செல்களில் இதே வேலை செய்யும் புரதத்தைக் கண்டார்கள். இந்த வகைப் புரதங்களுக்குத்தான் டோபோஐசோமரேஸ் என்று பெயர். ஒரு இழையை அறுக்கும். அறுந்த முனையைத் தன் உடம்போடு ஒட்டவைத்துப் பிடித்துக்கொள்ளும். முறுக்கு தளர்ந்ததும் இழையை மறுபடி சேர்த்துவிட்டு விலகும். இந்த நொதிகளைக் கொண்டு செய்த அளவீடுகளை வைத்துத்தான், இழைகள் பத்து எழுத்துக்கு ஒருமுறை உண்மையாகவே பின்னியிருக்கின்றன என்று 1979 கட்டுரை நிறுவியது. பெங்களூரின் கேள்வி அதோடு அடங்கியது.

*

இதை அப்பாவிடம் சொன்னபோது, பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

அப்பா ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்து மேட்டாக ஓய்வு பெற்றவர். 1931-லிருந்து மின்சார ரயில் ஓடும் பீச் – தாம்பரம் வழியில் அவர் நடக்காத தூரம் கிடையாது. "டேய், இதைத்தானே நாங்க செஞ்சோம்" என்றார்.

வெயிலில் தண்டவாளம் நீளும். ஒட்டவைத்த நீளத் தண்டவாளத்தில் நீள இடம் இருக்காது. உள்ளுக்குள்ளேயே இறுக்கம் சேர்ந்துகொண்டே போகும். விட்டால் ஒரு மத்தியானம் பாம்பு மாதிரி வளைந்துவிடும். அதனால் பிளாக் எடுத்து, அதாவது அந்தப் பாதையில் வண்டியை நிறுத்திவிட்டு, தண்டவாளத்தை அறுத்து, பிடிப்பான்களைக் கழற்றி, இறுக்கம் போக விட்டு, மறுபடி தெர்மிட் வெல்டிங் வைத்து ஒட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புப் பணி காரணமாக ரயில்கள் ரத்து என்று அறிவிப்பு வந்தால் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் நின்றுகொண்டு நாம் திட்டுவோமே, அதில் சில நாள் நடப்பது இதுதான்.

அறு, தளர்த்து, ஒட்டு. பத்து நாளாகப் படங்கள் பார்த்து நான் புரிந்துகொண்டதை அவர் முப்பது வருடம் கையால் செய்திருக்கிறார். அதற்குப் பிறகு அந்த நொதியை நாங்கள் இருவரும் கேங்மேன் என்றே சொன்னோம்.

*

இனி மருந்து. இதில் நான் எதிர்பார்க்காதது, இலக்கைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே அம்பு எய்யப்பட்டுவிட்டது என்பது.

சீனாவில் வளரும் ஒரு மரம் கேம்ப்டோதெகா அக்யுமினேட்டா. அதன் சாறு எலிகளின் ரத்தப் புற்றைக் கட்டுப்படுத்துவது 1950-களின் இறுதியிலேயே தெரிந்திருந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் மன்ரோ வால், மன்சுக் வானி இருவரும் அதிலிருந்து செயல்படும் பொருளைப் பிரித்து, 1966-ல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். அதுதான் காம்ப்டோதெசின். வானி மகாராஷ்டிராவின் நந்துர்பாரில் பிறந்தவர். இதே இரட்டையர்தான் பின்னால் டாக்ஸாலையும் தந்தவர்கள்.

காம்ப்டோதெசின் தண்ணீரில் கரையாது. கரைவதற்காக அதைச் சோடியம் உப்பாக மாற்றி நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். சிறுநீர்ப்பையில் ரத்தக்கசிவு உட்படக் கடுமையான பாதிப்புகள் வந்தன, பலனும் போதவில்லை. 1970-களின் தொடக்கத்தில் சோதனைகள் நின்றன. மருந்து அலமாரிக்குப் போனது.

அந்த நேரத்தில்தான் அது மேற்குத் தொடர்ச்சி மலையில் மறுபடி கிடைத்தது. டி.ஆர். கோவிந்தாச்சாரி மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரியில் படித்து, அங்கேயே பேராசிரியராக இருந்தவர். 1960-ல் வேதியியலுக்கான பட்நாகர் விருது பெற்றவர். பின்னர் பம்பாய் கோரேகானில் இருந்த சீபா ஆய்வு மையத்தின் இயக்குநர் ஆனார். அவரும் என். விஸ்வநாதனும் 1972-ல், அப்போது மாப்பியா ஃபீடிடா என்று அழைக்கப்பட்ட ஒரு சிறு மரத்தில் காம்ப்டோதெசின் இருப்பதை வெளியிட்டார்கள். ஃபீடிடா என்றால் நாற்றமடிப்பது. பூ நாறும். இன்று அதன் பெயர் நோதபோடைட்டிஸ் நிம்மோனியானா. சீன மரத்துக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. ஆனால் அதே பொருள், அதைவிட அதிக அளவில்.

கோவிந்தாச்சாரி பிற்காலத்தில் கிண்டியில் ஸ்பிக் அறிவியல் நிறுவனத்தில் வேம்பு பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். தாம்பரத்திலிருந்து பீச் போகும் ரயிலில் கிண்டியைத் தாண்டாமல் நகரத்துக்குள் போக முடியாது. மருத்துவமனைக்குப் போகும் நாட்களில் அந்த ஸ்டேஷன் வரும்போது அவரை நினைத்துக்கொள்வேன். 2001-ல் இறந்துபோனார். என்னோடு பொறியியல் படித்த யாருக்கும் அவர் பெயர் தெரியாது. எனக்கும் நாற்பதை நெருங்கும்போது, அப்பாவின் சலைன் பை வழியாகத்தான் தெரிந்தது.

அலமாரியிலிருந்து மருந்தை இறக்கியது 1985. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் லீராய் லியூவின் குழு, காம்ப்டோதெசின் செல்லுக்குள் யாரைப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்தது. டோபோஐசோமரேஸ் ஒன்று. கேங்மேன். மருந்து பிரித்தெடுக்கப்பட்டு 19 வருடம் கழித்து இலக்கின் பெயர் தெரிந்தது.

எங்கள் தாம்பரம் சானடோரியத்திலும் இதே வரிசைதான். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை அது. மருந்துக்கு மசியாத காசநோய்க்குக் கொடுக்கும் லீவோஃப்ளாக்சசின், மாக்ஸிஃப்ளாக்சசின் மாத்திரைகள் பாக்டீரியாவின் கேங்மேனை, ஜைரேஸ் என்ற நொதியைப் பிடிப்பவை. இந்த மாத்திரைகளின் மூத்த முன்னோடி நாலிடிக்சிக் அமிலம் 1962-ல் வந்தது. ஜைரேஸ் என்ற ஒன்று இருப்பதையே மார்ட்டின் கெல்லர்ட் 1976-ல்தான் கண்டார். அமிலம் அதைத்தான் தாக்குகிறது என்பது 1977-ல் தெரிந்தது.

*

பிடிக்கிறது என்றேன். எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மென்பொருள்காரனாக நான் முதலில் நினைத்தது, மருந்து அந்த நொதியை முடக்குகிறது, முறுக்குத் தளராமல் செல் சாகிறது என்று. அப்படியானால் நொதியே இல்லாத செல் இன்னும் சீக்கிரம் சாக வேண்டும். 1988-ல் ஈஸ்ட்டில் அந்த மரபணுவையே நீக்கிப் பார்த்தார்கள். ஈஸ்ட் பிழைத்தது மட்டுமில்லை, காம்ப்டோதெசின் அதை ஒன்றும் செய்யவில்லை. கேங்மேன் இல்லாத ஊரில் இந்த விஷத்துக்கு வேலையே கிடையாது.

நடப்பது இதுதான். நொதி இழையை அறுத்துப் பிடித்திருக்கும் அந்தக் கணத்தில் மருந்து வெட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்துவிடுகிறது. மறுபடி ஒட்ட முடியாது. கேங்மேன் வெட்டிய தண்டவாளத்தைக் கையில் பிடித்தபடி உறைந்து நிற்கிறார். அது மட்டும் என்றால் பெரிய கேடில்லை. மருந்து நழுவினால் ஒட்டிவிடுவார். ஆனால் பின்னாலிருந்து நகலெடுக்கும் எந்திரம் ரயில் மாதிரி வந்துகொண்டிருக்கிறது. அது வந்து மோதும்போது இரண்டு இழையும் முறிகிறது. அந்த முறிவுதான் செல்லைக் கொல்கிறது. 1989-ல் லியூவின் குழு இந்த மோதலை விளக்கியது. நகலெடுக்காத செல்லில் ரயிலே ஓடாது, விபத்தும் குறைவு. ஓயாமல் பெருகும் புற்றுச் செல்லில் அடுத்தடுத்து வண்டி.

அப்பா இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார், "கேங்மேன் மேல தப்பில்ல. வேலை முடியாம யாரு லைன் கிளியர் குடுத்தது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடினால், அதே 1988-ல் டெட் வீனர்ட்டும் லீலண்ட் ஹார்ட்வெல்லும் ஈஸ்ட்டில் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்வி. டி.என்.ஏ. பழுதானால் நல்ல செல் வேலையை நிறுத்தி, சரிசெய்துவிட்டுத்தான் தொடரும். அதற்கென்று காவல் மரபணுக்கள் உண்டு. ஹார்ட்வெல்லுக்கு 2001-ல் நோபல் கிடைத்தது. பல புற்றுச் செல்களில் இந்தக் காவலில் ஏதாவதொன்று பழுதாகியிருக்கும். சிவப்புக் கொடி காட்ட ஆளில்லாமல் வண்டி போய்க்கொண்டே இருக்கும். கட்டுப்பாடில்லாமல் வளர உதவிய அதே குறைதான் இந்த மருந்திடம் அதை மாட்டிவிடுகிறது.

ஆனால் குடலின் உட்பூச்சிலும் ரயில் ஓடுகிறது. அங்கே செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகின்றன. கல்லீரல் இந்த மருந்தின் வீரியமான வடிவத்தை ஒரு சர்க்கரை அமிலத்தோடு கட்டிப் பித்தத்தின் வழியே வெளியேற்றுகிறது. குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகின்றன. ஒவ்வொரு தவணைக்கும் மூன்றாம் நாள், நாலாம் நாள் அப்பா பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடந்த நடைக்கு இதுதான் காரணம். அம்மா லோபரமைட் பட்டையையும் உப்பு போட்ட கஞ்சியையும் கையிலேயே வைத்திருந்தாள். "நல்ல செல்லைத் தொடவே தொடாது" என்ற வரியை எந்த ஃபார்வர்டில் பார்த்தாலும் எனக்கு அந்தக் கஞ்சித் தம்ளர் ஞாபகம் வரும்.

*

இலக்கு தெரிந்ததும் மீதி வேகமாக நடந்தது. தண்ணீரில் கரையும் மாற்று வடிவங்களைத் தேடினார்கள். 1980-களிலேயே ஜப்பானில் ஒன்று தயாராகியிருந்தது: இரினோடெகான். உருவாக்கியது யாகுல்ட் நிறுவனம். ஆமாம், சூப்பர்மார்க்கெட் ஃப்ரிட்ஜில் சின்ன பாட்டிலில் இருக்கும் அதே யாகுல்ட். 1994-ல் ஜப்பானிலும் 1996-ல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது.

அதன் விலையை மரமும் கொடுத்தது. ஆய்வுக்கூடத்தில் முதலிலிருந்து செய்வதைவிட மரத்திலிருந்து காம்ப்டோதெசினை எடுத்து மாற்றுவது மலிவு. மேற்குத் தொடர்ச்சி மலையில் நோதபோடைட்டிஸ் மரங்கள் தண்டும் வேருமாக வெட்டப்பட்டு, ஏற்றுமதியாகி, பல இடங்களில் அருகிப்போயின. மரத்தைத் தொடாமல் அதே பொருளைப் பெற முடியுமா என்று தேடிய இந்திய ஆய்வாளர்கள், 2005-ல் அந்த மரத்துக்குள் வாழும் ஒரு பூஞ்சையும் காம்ப்டோதெசினைத் தயாரிப்பதாக வெளியிட்டார்கள்.

எனக்குப் பிடித்த தகவல் இன்னொன்று. மரத்துக்கும் டி.என்.ஏ. உண்டு, கேங்மேன் உண்டு. தன் விஷம் தன்னையே கொல்லாதா? 2008-ல் ஜப்பானில் இதைப் பார்த்தார்கள். கேம்ப்டோதெகா மரத்தின் டோபோஐசோமரேஸில், மனித நொதியின் 722-ஆம் இடத்துக்கு இணையான இடத்தில், ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. இழையைப் பிடிக்கும் 723-ஆம் இடத்துக்குப் பக்கத்து வீடு. மருந்துக்கு மசியாமல் போன மனிதப் புற்றுச் செல்களிலும் இதே இடத்தில் இதே மாற்றம் ஏற்கனவே காணப்பட்டிருந்தது. மரம் பல காலமாக எடுத்த பாதையைப் புற்று மாதக் கணக்கில் எடுத்துவிடுகிறது.

*

ஆக, கணக்கு. மூலக்கூறு 1966. இலக்கு 1985. மருந்துக் கடைக்கு வர 1996. முப்பது வருடம், நடுவில் பத்து வருடத்துக்கு மேல் அலமாரி. இந்த முப்பது வருடத்தில் யாரும் பி.சி.என்.ஏ. குழு போல ஒரு புரதத்தைத் தேர்ந்தெடுத்து அதற்குச் சாவி செய்யவில்லை. சாவி கையில் இருந்தது, பூட்டைத் தேடினார்கள். இப்போது பூட்டின் படம் கணினியில் இருக்கிறது, சாவியை வடிவமைக்கிறார்கள். அதனால் முப்பது வருடம் ஆகாமல் போகலாம். ஆனால் முதல் கட்டச் சோதனையில் நுழையும் புற்றுநோய் மருந்துகளில் பெரும்பாலானவை கடைசிக் கட்டத்தைத் தாண்டுவதில்லை. இந்த இரண்டையும் சேர்த்து, ஒரு மனிதரின் கண்ணைப் பார்த்து, எப்படிச் சொல்வது?

அக்டோபரில் ஒரு நாள் மறுபடி கேட்டார். "அந்த மாத்திரை?"

"உனக்கு வராதுப்பா" என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு மொட்டையாகச் சொல்லிவிட்டேன் என்று உறைத்தது.

அவர் அப்படி எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. "இப்ப ஏத்துறாங்களே, இது எந்த வருஷம் கண்டுபிடிச்சது?"

"அறுபத்தாறு."

"அப்ப எனக்குப் பத்து வயசு" என்றார். விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தார். அப்புறம் டி.வி.யை வைக்கச் சொன்னார்.

இரினோடெகான் அவருக்கு ஏழு மாதம் கொடுத்தது. அதில் தங்கையின் வளைகாப்பு வந்தது, ஒரு தீபாவளி வந்தது. டிசம்பர் ஸ்கேனில் கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. 2024 ஏப்ரலில் போய்விட்டார்.

சித்தப்பாவின் ஃபார்வர்ட் இன்னும் குழுவில் இருக்கிறது. அதற்குக் கீழே அப்பா அன்று போட்ட கட்டைவிரலும் இருக்கிறது. அந்தச் சோதனை பற்றி ஏதாவது புதிதாக வந்திருக்கிறதா என்று நான் இப்போதும் மாதம் ஒருமுறை தேடிப் பார்க்கிறேன். பத்து வயதில் இப்போது எங்கேயோ விளையாடிக்கொண்டிருக்கும் யாருக்கோ அது தேவைப்படும்.